பரிசுக்கு ஒட்டுத்துணி டேபிள் ரன்னர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூருவில் சிக்பேட்டைக் கடைகளில் வாங்கிய வெட்டுத்துணிகளும் ரவிக்கை தைத்து மிஞ்சிய துண்டுகளும் வீட்டில் சேர்ந்துவிட்டால், தெரிந்தவர்களின் கிரகப்பிரவேசத்துக்கு, மேசையின் நடுவே நீளவாக்கில் விரிக்கும் ஒட்டுத்துணி டேபிள் ரன்னர் ஒன்றைத் தைத்துக் கொடுக்கும் ஆசை வருவது இயல்பு. மாதிரிப் படம் எதுவுமின்றி, கைக்குக் கிடைத்த துண்டை அடுத்த துண்டோடு மனம்போல இணைத்துக்கொண்டே போகும் முறை இதற்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் அந்தச் சுதந்திரம் மேல்துணியின் அமைப்புக்கு மட்டுமே உரியது. அளவுக்கும் சாயத்துக்கும் இஸ்திரிக்கும் அதே சுதந்திரத்தை எடுத்துக்கொள்வதால்தான் பெரும்பாலான ரன்னர்கள் கெடுகின்றன.

பரிசு என்பதால் மேசையின் அளவைக் கேட்கப் பலரும் தயங்குகிறார்கள். ஐந்தடி மேசையின் இரு முனைகளிலும் 6 அங்குலம் தொங்க வேண்டுமானால் ரன்னர் 72 அங்குலம் இருக்க வேண்டும். அகலத்துக்கு மேசை அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். அடுக்குமாடி வீடுகளில் மேசையின் ஒரு முனையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருப்பார்கள் என்பதால், தொங்கும் ரன்னர் அங்கே சுருண்டுதான் கிடக்கும். வியப்பில் ஆழ்த்துவதைவிடக் கேட்டுவிடுவதே மேல்.

சாயத்தைச் சோதிக்காமல் தைப்பது இதைவிடப் பெரிய தவறு. சாம்பார் சிந்தும் இடத்தில் விரிக்கப்படும் துணி அடிக்கடி சலவைக்குப் போகும். அப்போது அடர் சிவப்பும் நீலமும் பக்கத்திலுள்ள வெள்ளையில் இறங்கிவிட்டால் அதைத் திருப்பி எடுப்பது கடினம். ஒவ்வொரு துணியின் மூலையையும் நனைத்து, வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்துச் சற்று நேரம் அழுத்திப் பாருங்கள். கறை பட்டால், தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். அதன் பிறகும் பட்டால் அந்தத் துணியை ஒதுக்கிவிடுங்கள். உப்பில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்ற நம்பிக்கையில் பரிசைப் பணயம் வைக்க வேண்டாம். பருத்தி சுருங்கும் என்பதாலும் முன்கூட்டியே அலசுவது அவசியம். சிறு துண்டுகளைத் தலையணை உறைக்குள் இட்டுக் கட்டி அலசினால் நூல் அதிகம் பிரியாது. பட்டும் பாலியஸ்டரும் பருத்திக்கு வைக்கும் சூட்டைத் தாங்காதவை. அவற்றைக் கலக்காதிருப்பது நல்லது.

அளவுகோல் இல்லாமல் வெட்டிய ஓரங்கள் பெரும்பாலும் துணியின் இழைக்குச் சாய்வாக அமைவதால், இழுத்தால் நீளும். அத்தகைய நீண்ட பட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே திசையில் தைத்துக்கொண்டே போனால், முழு ரன்னரும் வில்லாக வளைந்துவிடும். ஒரு பட்டையை மேலிருந்து கீழாகவும் அடுத்ததைக் கீழிருந்து மேலாகவும் தைப்பதோடு, சிறு சிறு கட்டங்களாகச் சேர்த்து, ஒவ்வொன்றையும் சதுரமாக நறுக்கிய பிறகே ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து இழுக்காமல், தூக்கித் தூக்கி அழுத்துங்கள். தைத்த பகுதியை மறுபடி குறுக்கே வெட்ட நேரும் என்பதால், தையல் நீளத்தை 2 மில்லிமீட்டருக்குக் குறைத்து, ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைத்தால் பிரியாது.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் கையால் தைக்கும் கவந்தி என்னும் ஒட்டுப்போர்வையை இங்கே கவனிக்கலாம். அடித்துணியின் அளவை முதலில் நிறுத்திக்கொண்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துண்டுகளை வைத்து ஓட்டுத்தையல் போட்டுச் செல்கிறார்கள். எந்தத் துண்டு எங்கே வரும் என்பது மட்டும் கையோட்டத்தில் முடிவாகிறது.

ரன்னரின் மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் வைக்கும் பஞ்சு தடிமனாக இருந்தால் டம்ளர் ஆடும். துவைத்த பழைய பருத்தி வேட்டியின் ஓரிரு மடிப்பே போதும். அடித்துணியைச் சுற்றிலும் 2 அங்குலம் கூடுதலாக விட்டு, நான்கு அங்குலத்துக்கு ஓர் ஊக்கு குத்தி, நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தைத்தால் சுருக்கம் விழாது. விளிம்பை மூடும் ஓரப்பட்டையை இழுத்துப் பிடித்துத் தைக்கக் கூடாது.

கொடுக்கும்போது, குளிர்ந்த நீரில் தனியாக அலச வேண்டும் என்றும், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை அடியில் பலகை இல்லாமல் அதன்மேல் வைக்க வேண்டாம் என்றும் ஒரு சிறு சீட்டில் எழுதி உடன் வைத்துவிடுங்கள்.