தென்னாப்பிரிக்கத் தமிழ்ப் பெண்களைப் பற்றிக் கூட்டாக எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெண்களையும் நாட்டார் வழக்காறுகளையும் பற்றிய கட்டுரைகளைப் பெருக்குவதற்காக விக்கிப்பீடியாவில் ஆண்டுதோறும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் எழுத்துப் போட்டி நடைபெறுகிறது. டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் வாழும் தமிழர் அதில் எழுத வேண்டியவை ஏராளம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனை அடைந்தது முதல் 1911 வரை, டர்பன் அமைந்த நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஏறத்தாழ 1,52,000 பேரில் பெரும்பான்மையினர் சென்னைத் துறைமுகத்தின் வழியே வந்தவர்கள். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற விகிதத்தில் பெண்களும் அனுப்பப்பட வேண்டும் என்பது அன்றைய விதி. அந்தப் பெண்களின் வாழ்வை எழுதும் கட்டுரைகள் இப்போது வரத் தொடங்கியிருப்பது பெருமகிழ்ச்சி அளிக்கிறது. ஆனால் ஆர்வத்தோடு எழுதப்படும் அவற்றிலேயே, எழுதப்படும் பெண் கண்ணுக்குத் தெரியாமல் போகும் தவறுகள் மீண்டும் மீண்டும் நேர்கின்றன.

அவற்றுள் மிகப் பெரியது, பெண்ணைக் கணவரின் பெயரால் குறிப்பது. 1913இல் அன்றைய திரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து நேட்டாலின் நியூகாசிலுக்குச் சென்று, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்துச் சிறை சென்ற பெண்களின் பட்டியலைக் காந்தி தம் தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரக நூலில் தருகிறார். அவர்களில் பெரும்பாலோர் அங்கே ‘திருமதி’ என்ற அடையோடு கணவர் பெயராலேயே குறிக்கப்படுகின்றனர். அப்பட்டியலை அப்படியே பெயர்த்து எழுதிவிட்டால், சிறை சென்றவர் யார் என்பது வாசகருக்குத் தெரியாது. காந்தியின் உடன் போராளியான தம்பி நாயுடுவின் மனைவியாருக்கு வீரம்மாள் என்ற சொந்தப் பெயர் உண்டு. கட்டுரையின் தலைப்பும் முதல் வரியும் அந்தப் பெயரில்தான் இருக்க வேண்டும், உறவு முறை பின்னர் வரலாம். ஆணுக்குக் கொடுத்த கூலியில் பாதியையே பெண்ணுக்குக் கொடுத்த குடியேற்ற ஆட்சிகூடத் தன் கப்பல் பதிவேடுகளில் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி எண் கொடுத்து, அவள் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி வைத்தது. அந்த ஆட்சி பதிந்துவைத்த பெயரை, அப்பெண்களைப் போற்றி எழுதும் நாமே விட்டுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பதிவேட்டுப் பெயர்களையும் ஆராயாமல் எடுத்தாளக் கூடாது. எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை அவை. முனுசாமி மூன்சாமியாகவும் முதலியார் மூட்லியாகவும் நிலைபெற்றுவிட்டதால், இரு வடிவங்களிலும் தேடினால்தான் ஒரு குடும்பத்தின் தடம் கிடைக்கும். தந்தையின் பெயரே பின்னர் குடும்பப் பெயரான வீடுகளும் பல. ஆகையால் குடும்பப் பெயரைக் கொண்டு ஒரு பெண்ணின் சாதியையோ தாய்மொழியையோ ஊகித்து எழுதுவது முற்றிலும் தவறு.

காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றிய கட்டுரைகளில் இன்னொரு வகைத் தவறைக் காணலாம். அவர் 1898இல் ஜோகானஸ்பர்க்கில் பிறந்தவர். தில்லையாடி அவருடைய குடும்பத்தின் பூர்வீக ஊர். அவர் சிறையிலேயே உயிர் நீத்ததாகப் பலர் எழுதுகின்றனர். கடுங்காவல் தண்டனையின்போது காய்ச்சலுற்று, விடுதலையான பின்னர், 1914 பெப்ரவரி 22 அன்று, 16 வயதில் அவர் இறந்தார் என்பதே உண்மை. சிறை அதிகாரிகளிடம் அவர் பேசியதாக மேடைகளில் வழங்கும் வசனங்களைச் சான்றில்லாமல் சேர்ப்பது, அந்தச் சிறுமியின் உண்மையான துணிவுக்குச் செய்யும் மரியாதையாகாது.

வழக்காறுகளுக்கு வரும்போது, தமிழ்நாட்டுக் கட்டுரை ஒன்றைப் பெயர்த்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றுவது பரவலாக நடக்கிறது. ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பது இரு நாடுகளிலும் உண்டு. ஆயினும் டர்பன் வட்டாரத்தில் அது மக்காச்சோள மாவில் காய்ச்சப்படுவதை விட்டுவிட்டுக் கேழ்வரகைப் பற்றி எழுதினால், கரும்புத் தோட்டத்தில் கிடைத்த உணவுப் பொருளைக் கொண்டு வழிபாட்டைக் காத்த பெண்களின் அறிவு கட்டுரையில் இடம்பெறாமல் போகிறது. டர்பனுக்குத் தெற்கே உள்ள இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் ஈஸ்டர் விடுமுறையில் ஆயிரக்கணக்கானோர் கூடுவதும் இந்த மண்ணுக்கே உரிய வழக்கம். தோட்டத் தொழிலாளருக்கு விடுப்புக் கிடைத்த நாட்கள் அவை என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம். ஒப்பந்தத் தொழிலாளர் வரத் தொடங்கியதே 1860இல்தான் என்பதால், ‘பல நூற்றாண்டுகளாக’ என்ற தொடரை இத்தகைய கட்டுரைகளிலிருந்து நீக்கிவிடுவது நல்லது. 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பல, இந்தியருக்கென ஒதுக்கப்பட்ட சாட்ஸ்வொர்த்தில் குடியேறின. எனவே ஒரு வழக்கத்தைச் சாட்ஸ்வொர்த் வழக்கம் என்று எழுதுமுன், அதைச் சொல்லும் பாட்டியிடம் முன்பு எங்கே வாழ்ந்தீர்கள் என்று கேட்க வேண்டும்.

பாட்டி சொன்னதை அப்படியே கலைக்களஞ்சியத்தில் ஏற்றுவதும் பயன் தராது. ஏற்கெனவே வெளியான நூலையோ இதழையோ சான்றாகக் காட்டாத செய்தி அங்கே நீக்கப்படும். நீக்குபவர் மீது சினம் கொள்வதில் நியாயமில்லை. நேர்காணலை முதலில் முழுமையாகப் பதிந்து, டர்பனில் உள்ள 1860 பாரம்பரிய மையம் அல்லது குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் போன்ற இடங்களை அணுக வேண்டும். உள்ளூர் இதழிலோ நூலிலோ வெளியிட்டபின் அதை மேற்கோள் காட்டலாம். இவ்வழி நீண்டதுதான். எனினும் சொன்னவரின் பெயரும் குரலும் காக்கப்படுவதால் இதையே நான் வலியுறுத்துகிறேன்.

சொன்னவரின் இசைவு பற்றிப் பலர் போதிய கவனம் செலுத்துவதில்லை. கட்டற்ற உரிமத்தில் ஏற்றிய எழுத்தையும் படத்தையும் எவரும் வணிகத்துக்குக்கூடப் பயன்படுத்தலாம், கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறவும் இயலாது என்பதைப் பெண்களிடம் அவர்களுக்குப் புரியும் மொழியில் முன்பே சொல்லியாக வேண்டும். இங்கே அது பெரும்பாலும் ஆங்கிலமாகவே இருக்கும். சாமியாடும் பெண்ணைப் படமெடுத்து, அவர் நினைவுக்குத் திரும்புமுன் இணையத்தில் ஏற்றுவது கூடவே கூடாது. பழைய செய்தித்தாள் படங்களுக்குப் பதிப்புரிமை இருக்கக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

தாலாட்டு, நலங்குப் பாட்டு, ஒப்பாரி ஆகியவற்றை எழுதும்போது சொற்களை இலக்கணப்படி திருத்திவிடுவது கூட்டு எழுத்தில் எளிதாக நேரும் அழிவு. ஒருவர் கேட்டபடி எழுதியதை அடுத்தவர் நல்லெண்ணத்தோடு திருத்துகிறார்; மூன்றாமவர் தம் வீட்டில் பாடும் வரியை அதன் இடத்தில் வைக்கிறார்; இறுதியில் எந்தப் பெண்ணும் பாடாத பாட்டு ஒன்று பக்கத்தில் நிற்கிறது. வேறுபாடுகளை எந்த ஊரில், எந்தத் தலைமுறையில் கேட்டது என்ற குறிப்போடு அடுத்தடுத்து வைக்க வேண்டும். ஐயம் இருந்தால் திருத்துமுன் அக்கட்டுரையோடு இணைந்த உரையாடல் பக்கத்தில் கேட்க வேண்டும். யாரேனும் ஏற்கெனவே மாற்றியிருந்தால், பக்கத்தின் வரலாற்றில் முதல் வடிவம் அப்படியே இருக்கும். அதைப் பார்த்து மீட்டெடுக்கலாம்.