பழைய மாணவர் பாறை நுண்ணோக்கியைச் சோதித்துச் சரிசெய்யும் முறை

லண்டனில் ஸ்விஃப்ட் நிறுவனமும் வெட்ஸ்லாரில் லைட்ஸ் நிறுவனமும் செய்த பழைய பாறை நுண்ணோக்கிகள் (கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய பாறைச் சீவல்களைப் பார்க்கும் கருவிகள்) இன்றும் விற்பனைக்கு வருகின்றன. வாங்குபவர் பெரும்பாலும் பித்தளையின் பளபளப்பைப் பார்க்கிறார். பார்க்க வேண்டியது இருட்டை.

விளக்கை ஏற்றி, மேடையில் எதுவும் வைக்காமல், கீழே உள்ள தளவிளைவாக்கியையும் (ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் பகுதி) குழலுக்குள் உள்ள ஆய்வியையும் (அதே வேலையைச் செய்யும் இரண்டாவது பகுதி) ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிறுத்தினால் பார்வைப் புலம் முழுவதும் கறுத்துவிட வேண்டும். வெளிச்சம் கசிந்தால் பொருளருகு லென்சைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அப்போது இருண்டால் குறை அந்த லென்சின் கண்ணாடியில் தங்கிய தகைவில் (உள் இறுக்கத்தில்) இருக்கிறது. இல்லையேல் தளவிளைவாக்கியிலும் ஆய்வியிலும் உள்ள பட்டகங்களைச் சந்தேகிக்க வேண்டும். தளவிளைவுத் தகடுகள் பரவுவதற்கு முந்தைய கருவிகளில் இருப்பது, 1828இல் வில்லியம் நிக்கல் கண்ட முறைப்படி கால்சைட் என்னும் தெளிந்த கனிமத் துண்டுகளைக் கனடா பால்சம் பிசினால் ஒட்டிய பட்டகம். பத்து வரை போகும் மோஸ் அளவில் கால்சைட்டின் கடினத்தன்மை 3தான்; துணியில் ஒரு மணற்பொடி இருந்தாலும் கீறல் விழும். சைலீன் என்னும் கரைப்பான் பட்டால் பிசின் கரையும். எனவே ரப்பர் குமிழால் தூசியை ஊதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது மேடையை மையப்படுத்துதல். பொறுமையைச் சோதிக்கும் வேலை இதுதான். கிரானைட் சீவலில் ஒரு கரிய துகளைக் குறுக்குக் கம்பிகள் வெட்டும் இடத்தில் வைத்து, மேடையை 180 பாகை சுழற்றுங்கள். துகள் விலகிய தூரத்தில் பாதியை மையத் திருகுகளாலும் மீதியைச் சீவலைக் கையால் நகர்த்தியும் ஈடுசெய்து, துகள் நின்ற இடத்திலேயே சுழலும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். லென்சை மாற்றினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். 1889இல் ஆலன் டிக் வடிவமைப்பில் ஸ்விஃப்ட் செய்த கருவியிலோ, மேடை அசையாமல் நிற்கத் தளவிளைவாக்கியும் ஆய்வியும் சேர்ந்து சுழல்வதால், இந்தத் தொல்லையே இல்லை.

பின்பு ஒரு பயோடைட் (கரிய அப்பிரகம்) துகளின் பிளவுக் கோடுகளைக் குறுக்குக் கம்பிக்கு இணையாக்குங்கள். ஆய்வியை உள்ளே தள்ளியதும் துகள், ஆங்காங்கே புள்ளியாக மினுங்கினாலும், ஏறக்குறைய இருண்டுவிட வேண்டும். இருளாவிட்டால் கண்ணருகு லென்சு அதன் காடியில் சரியாக அமரவில்லை, அல்லது தளவிளைவாக்கியும் ஆய்வியும் சேர்ந்தே திரும்பியிருக்கின்றன.

கடைசியாகக் குவார்ட்ஸ். சீவல் 0.03 மி.மீ. தடிமனில் இருந்தால் அது சாம்பலாகவோ வெண்மையாகவோ தெரியும். ஆரஞ்சு நிறம் தெரிந்தால் கருவியைக் குறைசொல்லாதீர்கள், சீவல்தான் தடிமன்.