இங்கிலாந்தில் குழந்தையை யாரிடம் விடலாம்?

மூன்று வயது முடிந்த எல்லாக் குழந்தைகளுக்கும் இங்கிலாந்தில் வாரம் 15 மணி நேரம் நர்சரி இலவசம். உங்கள் விசாவில் அரசு உதவி பெறக் கூடாது என்று போட்டிருந்தாலும் இது உண்டு. விசாவுக்குச் சிக்கல் வந்துவிடுமோ என்று பயந்து கேட்காமலே இருந்துவிடாதீர்கள். ஆண்டுக்கு 38 வாரம், மொத்தம் 570 மணி நேரம். மூன்றாவது பிறந்தநாளுக்குப் பிறகு ஜனவரி 1, ஏப்ரல் 1, செப்டம்பர் 1 ஆகியவற்றில் எது முதலில் வருகிறதோ, அன்றிலிருந்து சேர்க்கலாம். (ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு.)

வேலைக்குப் போகும் பெற்றோருக்கான 30 மணி நேரத்துக்கு விதி வேறு. 2025 செப்டம்பரிலிருந்து 9 மாதக் குழந்தைக்கே அது கிடைக்கிறது. ஆனால் பெற்றோரில் ஒருவருக்காவது அரசு உதவி பெறும் உரிமை இருக்க வேண்டும். அதனால் இருவரும் வேலை விசாவில் வந்த குடும்பங்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. வரி கட்டுகிறவர்களுக்கு இது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். தகுதி உள்ளவர்கள் பள்ளித் தவணை தொடங்கும் முன்பே அரசு இணையதளத்தில் விண்ணப்பித்து, நர்சரியில் கொடுக்க வேண்டிய கோட் (தகுதி எண்) எடுத்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

நர்சரிச் செலவு கட்டுப்படியாகாமல் பலர் தெரிந்த அக்கா ஒருவரின் வீட்டில் காசு கொடுத்துக் குழந்தையை விடுகிறார்கள். இதில் கவனம் தேவை. 2006ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்புச் சட்டப்படி, 8 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன் வீட்டில் வைத்து நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் கூலிக்குப் பார்ப்பவர் சைல்ட்மைண்டராகப் பதிவு செய்திருக்க வேண்டும். தாத்தா, பாட்டி, பெற்றோருடன் பிறந்தவர்கள் பார்த்தால் பதிவு தேவையில்லை. பதிவில்லாமல் நடத்தினால் சட்டச் சிக்கல் அந்த அக்காவுக்குத்தான். ஆனால் அந்த வீட்டை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள், அங்கிருப்பவர்களின் பின்னணியையும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இலவச மணி நேரத்தையும் அங்கே பயன்படுத்த முடியாது. அவர் நல்லவராகவே இருக்கலாம், பதிவு செய்யச் சொல்லுங்கள். நர்சரியோ சைல்ட்மைண்டரோ, இவற்றை ஆய்வு செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் இணையதளத்தில் ஆய்வு அறிக்கையைத் தேடிப் படித்துவிட்டுச் சேருங்கள்.

நர்சரிக்குள்ளும் சட்டம் உண்டு. இரண்டு வயதுக்குக் கீழ் மூன்று குழந்தைகளுக்கு ஒருவர், இரண்டு வயதில் ஐந்து பேருக்கு ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அடிப்பது மட்டுமல்ல, அடிப்பேன் என்று மிரட்டுவதும் கூடாது. ஒவ்வொரு குழந்தைக்கும் பொறுப்பான ஊழியர் ஒருவர் இருப்பார். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தமிழ். ஆங்கிலம் வர வேண்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். வீட்டு மொழியைக் குழந்தை விளையாட்டிலும் கற்றலிலும் பயன்படுத்த நர்சரி இயன்றவரை வழி செய்ய வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது. தண்ணீர், பசி, கழிப்பறை ஆகியவற்றுக்கு உங்கள் பிள்ளை சொல்லும் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி, முதல் நாளே அந்தப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.