குழி வெட்டுற எடத்துல நின்னு மண்ணு பொறக்குறத பாக்குறது எப்படி

பாறை எப்படி மண்ணாகுதுன்னு பாக்கணும்னா தெருவுல யாராச்சும் செப்டிக் டேங்குக்கோ கிணத்துக்கோ குழி வெட்டுனா போய் நில்லுங்க, அது போதும். மதுரை பக்கம் எங்க வீட்டுக்கு ஆறடி தோண்டுனப்போதான் எனக்கே இது வெளங்குச்சு.

ஜேசிபி வெட்டுன சுவர் பூரா தேஞ்சு மொழுக்கடிச்ச மாதிரி இருக்கும், ஒண்ணும் தெரியாது, அதனால மம்பட்டிய வச்சு ஒரு முழம் அகலத்துக்கு மேல இருந்து கீழ வரைக்கும் புதுசா சீவி விட்டுருங்க. மழை பெஞ்ச ஈரத்துல உள்ள இறங்காதீங்க, சரிஞ்சா தப்பிக்க வழி இல்ல.

பாக்குறப்போ கீழ இருந்து மேல வாங்க. அடியில கெட்டிப்பாறை, சுத்தியல்ல தட்டுனா ணங்குன்னு கேக்கும். உத்துப் பாத்தா கண்ணாடிச் சில்லு மாதிரி குவார்ட்ஸ், பால் கலர்லயோ லேசான ரோஸ்லயோ ஃபெல்ட்ஸ்பார், கருப்பா மினுக்குற மைக்கான்னு மூணு கனிமமும் தெரியும்.

அதுக்கு மேல ஒரு அடியில கொஞ்ச நேரம் நில்லுங்க, விஷயமே அங்கதான். பாக்க அதே பாறை, வரி வரியா அப்படியே இருக்கும், ஆனா ஒரு துண்ட கையில எடுத்து அமுக்குனா ரவை மாதிரி உதிர்ந்துரும். எங்க கான்ட்ராக்டர் பாறை வந்துருச்சு ரேட்ட ஏத்துங்கன்னு நின்னாரு, கடப்பாரைய போட்டா பொலபொலன்னு வருது! மழைத்தண்ணி காத்துலயும் மண்ணுலயும் இருக்குற கார்பன் டை ஆக்சைட கரைச்சு லேசான அமிலமா உள்ள இறங்கி ஃபெல்ட்ஸ்பார்ல இருக்க பொட்டாசியம் சோடியத்த எல்லாம் கழுவிட்டுப் போயிருது, மிச்சம் நிக்கிறது களிமண்ணு, விரல்ல தேச்சா மாவா ஒட்டும். மைக்கால இருக்க இரும்பு துருப்பிடிச்சு செவப்பாகும், செம்மண்ணுக்கு கலரு அங்க இருந்துதான். குவார்ட்ஸ் மட்டும் அசையவே அசையாது, கையில நெருடுற மணலு அதுதான்.

நடுவுல வெள்ளையா உருண்டை உருண்டையா இருந்தா சுக்கான் கல்லு, அதாவது சுண்ணாம்புக் கட்டி, வினிகர் ரெண்டு சொட்டு விட்டா நுரைக்கும். நம்ம பக்கம் மழை கம்மி, சுண்ணாம்பு முழுசா கழுவிப் போகாம அங்கயே தங்கிருது.

மேல ஒரு சாண் வேரு, கறையான், மக்குன இலை, கொஞ்சம் கருத்த மண்ணு. ஒரு இன்ச் சேரவே நூத்துக்கணக்கான வருஷம் ஆகும், நாம அத லோடு லோடா அள்ளி விக்கிறோம்.

கடைசியா, மண்ணுல என்னென்ன கலந்திருக்குன்னு பாக்க அந்த மேல் மண்ணுல கொஞ்சம் எடுத்து வாயகன்ற பாட்டில்ல பாதிக்குப் போட்டு, தண்ணி ஊத்தி பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு அஞ்சு நிமிஷம் நல்லா குலுக்கி ஆடாம வைங்க. மணலு ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல அடியில உக்காந்துரும், அதவிட பொடியான வண்டல் சில மணி நேரத்துல, களி மறுநாள்கூட தெளியாது. எனக்கு மூணாவது நாளும் கலங்கலாவே நின்னுச்சு, ஊறுகா பாட்டில் எங்கடான்னு அம்மா சத்தம் போடவும் கொட்டிட்டேன்.