கிலோ 3,000 ரூபாய் மல்லியும் முக்கால் கிலோ பூவும்: பொருளியலைக் கதையாகச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கல் நெருங்கும்போது மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி கிலோ 2,000, 3,000 என்று ஏறுவது மதுரைக்காரர்களுக்குப் பழகிய செய்தி. பதினோராம் வகுப்புக்குத் தேவை, அளிப்பு நடத்த இதைவிடத் தோதான கதை கிடைக்காது என்று, ஒரு மார்கழிக் கடைசியில் அன்றைய பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். கோடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற பூ இத்தனை மடங்கு ஏறுகிறதே என்று பிள்ளைகள் வாய் பிளந்தார்கள். பொங்கல் வருகிறது, பின்னாலேயே தை முகூர்த்தம், எல்லோருக்கும் பூ வேண்டும். பனியில் வரத்துக் குறைவு. அதனால் விலை ஏற்றம். "பூ விவசாயிக்கு இதுதான் நல்ல காலம்" என்று முடித்தேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். உசிலம்பட்டிப் பக்கம், வீட்டில் மல்லித் தோட்டம் உண்டு. "சார், வெலை இருக்கு. பூ எங்கிட்டு இருக்கு? வெள்ளன எந்திரிச்சு டார்ச் அடிச்சுத் தோட்டம் பூரா பறிச்சாலும் முக்காக் கிலோ தேற மாட்டேங்குது" என்றான்.

அவனைக் கரும்பலகைக்கே கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொன்னேன். பூ கொட்டுகிற நாளில் 10 கிலோ, கிலோ 300 ரூபாய் என்றால் 3,000. பனி நாளில் ஒரே கிலோ, விலை 2,500 என்றால் 2,500. விலை எட்டு மடங்குக்கு மேல் ஏறியும் கைக்கு வந்த பணம் 500 ரூபாய் குறைவு. வகுப்பு அமைதியாகிவிட்டது. அதுவரை நான் சொன்ன கதையைவிட அந்த இரண்டு வரிதான் அவர்கள் மனதில் ஏறியது.

பிறகு அவனிடமே மெதுவாகக் கேட்டேன். பூ குறைவதற்குப் பனி மட்டும் காரணம் இல்லை என்று தெரிந்தது. நவம்பர் கடைசியில் மல்லிச் செடியைத் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் விட்டுக் கவாத்து செய்வது வழக்கம். வெட்டிய செடி துளிர்த்து மார்ச் வாக்கில்தான் நன்றாகப் பூக்கும். ஆக, விலை உச்சத்தில் இருக்கிற நேரத்தில் பெரும்பாலான செடிகள் வெட்டுப்பட்டு நிற்கின்றன. கவாத்து மாதத்தை மாற்றிவைத்துக் குளிரிலும் கொஞ்சம் பூ எடுக்கப் பார்ப்பவர்கள் உண்டு. ஊர் பூராவும் அப்படிச் செய்தால் தை மாத விலை இந்த உயரத்துக்குப் போகாது. யார் துணிவது, யார் வழக்கத்தோடு இருப்பது என்ற அந்த முடிவில்தான் பொருளியலே இருக்கிறது. நானோ பேப்பரில் வந்த விலையோடு நின்றுவிட்டேன்.

ஆச்சரியம் வந்த இடத்திலேயே கதையை நிறுத்துவதுதான் முதல் தவறு, எல்லாவற்றிலும் பெரிய தவறும் அதுதான். கேட்பவர் "அப்படியா!" என்றதும் நம் வேலை முடிந்ததாகத் தோன்றும். உண்மையில் அவர் காது கொடுக்கத் தொடங்கியதே அப்போதுதான். விலை ஏறியது என்றால் எத்தனை கிலோ விற்றது, யார் கையில் இருந்தது, ஏன் இன்னொருவர் கொண்டுவந்து கொட்டவில்லை என்ற மூன்று கேள்வியையும் கேட்காமல் அடுத்த பாடத்துக்குப் போகக் கூடாது.

அடுத்தது வில்லன் தேடுவது. தோட்டத்தில் இந்த விலை, கோயில் வாசலில் அந்த விலை, நடுவில் கமிஷன் கடைக்காரர் சுருட்டிவிட்டார் என்று சொன்னால் கைதட்டு நிச்சயம். ஆனால் அதே கமிஷன் கடைக்காரர்தான் உழவுக்கும் உரத்துக்கும் முன்பணம் தருகிறார். அதற்குப் பதிலாகப் பூ அவர் கடைக்கே வந்தாக வேண்டும். பக்கத்துக் கடையில் நல்ல விலை கேட்டாலும் விவசாயி நகர முடியாது. வங்கி வாசலில் நிற்க நேரமில்லாதவருக்கு அந்த முன்பணம் எவ்வளவு பெரிய உதவியோ, அவ்வளவு பெரிய கட்டும் அதுவே. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போதாக்குறைக்குப் பூ சாயங்காலம் விரிந்துவிடும், மறுநாள் காசாகாது. வாடிப்போன பூவின் நட்டம் விற்ற பூவின் விலைக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

ஒருவர் சம்பாதித்தால் இன்னொருவர் இழந்திருப்பார் என்ற எண்ணமும் இதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதை மாற்ற நான் சொல்வது கேரளத்து மத்தி மீன் கதை. 1997-ம் ஆண்டு ஜனவரி 14 அன்று வடகரைக் கரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டிவிட்டார்கள். அதே நேரம் 15 கிலோமீட்டருக்குள் வேறு கரைகளில் வாங்க வந்த 27 பேர் மீன் கிடைக்காமல் நின்றார்கள். அந்த ஆண்டு தொடங்கி செல்போன் கோபுரங்கள் வந்தன. கடலில் இருந்தபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டுப் படகைத் திருப்பினார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் இதை அளந்து 2007-ல் வெளியிட்டார்: மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குபவர் கொடுத்த விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது, மீனைக் கொட்டுவது ஏறக்குறைய நின்றே போனது. யாரையும் விரட்டவில்லை. சேதி மட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அளவைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. "ரெண்டு மாசமா முழம் அதே வெலைதான்" என்று வீட்டில் சொல்வார்கள். கீழமாசி வீதியில் பூக்கட்டும் அக்கா ஒருவர் அருகில் உட்கார்ந்து பார்த்தேன். இடது கை விரலில் நாரைச் சுற்றி, இந்தப் பக்கம் ரெண்டு மொட்டு, அந்தப் பக்கம் ரெண்டு மொட்டு வைத்து ஒரு முடிச்சு. மலிவான நாளில் முடிச்சுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. விலை ஏறிய நாளில் நடுவே நார் தெரிகிறது. கேட்டேன். "வெலையக் கூட்டிச் சொன்னா வாங்காமப் போயிருவாக தம்பி. கட்டைத் தளத்திட்டா வாங்கிக்கிருவாக. வாடிக்கைக்காரவுகளுக்குத் தெரியும்" என்றார். இன்னும் சிலர் மல்லியை விட்டுவிட்டுப் பிச்சிக்கோ காக்கரட்டானுக்கோ மாறிக்கொள்கிறார்கள். பிஸ்கட் பாக்கெட் அதே விலையில் மெலிந்துபோவதும் இதே வழிதான். இதை ஏமாற்று என்று வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். விலையை எங்கே ஒளித்து ஏற்றினால் வாங்குபவர் முகம் சுளிக்காது என்று அந்த அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. முழம் என்ற சொல்லுக்குள் எத்தனை மொட்டு என்று எண்ணிப் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குவதுதான் நம் வேலை.

மொய் பற்றிச் சொல்லும்போது இன்னும் கவனம் வேண்டும். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போனால் பந்திக்கு முன்னால் மொய் மேசைதான் கண்ணில் படும். பேர், ஊர், தொகை. முன்பு மஞ்சள் தடவிய நீள நோட்டு, இப்போது பல மண்டபங்களில் கம்ப்யூட்டரும் ரசீதும். "பார்த்தீர்களா, வங்கியே இல்லாமல் வட்டியில்லாக் கடன்!" என்று சொன்னால் கேட்பவருக்குப் பிடித்துப்போகும். நானும் சில வருடம் அப்படித்தான் சொன்னேன். அது பாதி உண்மை.

விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் 12 ஆண்டில் இரட்டிப்பாகும். இன்று நான் எழுதும் 1,000 ரூபாய் பன்னிரண்டு வருடம் கழித்து அதே 1,000 ஆகத் திரும்பினால், அதில் பாதிச் சாமான்தான் வாங்க முடியும். வாங்கியதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து எழுதுவது என்று ஊர் வைத்திருக்கும் வழக்கத்தில் மரியாதையும் இருக்கிறது, இந்தக் கணக்கும் இருக்கிறது. முதலில் விசேஷம் வைப்பவர் கடன் வாங்கியவர், கடைசியில் வைப்பவர் சேமித்தவர். பெண் பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து முடித்து, இனி வீட்டில் விசேஷமே இல்லை என்றானவர் போட்ட மொய் எப்போது திரும்பும்?

கூலி வேலை பார்க்கும் வீட்டுக்கு ஒரே ஆவணியில் ஐந்து பத்திரிகை வந்தால் என்ன ஆகும் என்பதும் இதில் உண்டு. என் அம்மா கம்மலை அடகு வைத்துச் செய்முறை செய்துவிட்டு, காதில் வேப்பங்குச்சியோடு வந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் கம்மலுக்கு மாதா மாதம் வட்டி கட்டினோம். அப்படியானால் அந்த மொய் எங்கே வட்டியில்லாக் கடன்? இதை அனுபவித்த நானே வகுப்பில் அழகான பாதியை மட்டும் சொன்னேன் என்பது இன்றும் உறுத்துகிறது. அழகான பெயர் ஒன்றை வைத்ததும் விஷயம் புரிந்துவிட்டதாக எண்ணுவதால் வரும் தவறு இது. பெயர் வைத்த பிறகு, இது யாருக்குப் பொருந்தாது என்று ஒரு முறை தேட வேண்டும். மொய்யை வெறும் காசுக் கணக்காக மட்டும் சொல்வதும் சரியில்லை. தாய்மாமன் எழுதாமல் விட்டால் அறுந்துபோவது உறவு. அதற்கு நோட்டில் கட்டம் கிடையாது.

வெளியூர்க் கதைகளை உள்ளூர்க் கதையாக்குவதையும் விட்டுவிட வேண்டும். பிள்ளையைத் தாமதமாக அழைத்துப்போகும் பெற்றோருக்கு அபராதம் போட்டதும் தாமதம் இன்னும் கூடியது என்ற கதையை, "நம்ம ஊர் ஸ்கூல் ஒண்ணுல" என்று தொடங்கி ஒருவர் சொல்லக் கேட்டேன். அது நடந்தது இஸ்ரேலின் ஹைஃபா நகரில். க்னீசி, ருஸ்டிகீனி என்ற இருவர் 10 குழந்தைகள் காப்பகங்களை எடுத்து, ஆறில் மட்டும் 10 ஷெக்கல் அபராதம் வைத்து, நான்கை அப்படியே விட்டுப் பார்த்தார்கள். ஆய்வு 2000-ல் வெளிவந்தது. அபராதம் வைத்த இடங்களில் தாமதம் ஏறக்குறைய இரட்டித்தது, அபராதத்தை எடுத்த பிறகும் இறங்கவில்லை. சங்கடத்தோடு ஓடி வந்தவர்கள், காசு கொடுத்தாயிற்று என்று நிதானமாக வரத் தொடங்கினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அந்த நான்கு காப்பகங்கள் இல்லையென்றால், தாமதம் அபராதத்தால்தான் கூடியது என்று சொல்ல முடியாது, இந்தக் கதைக்கு மதிப்பே இல்லை, அவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதை வைத்து "அபராதமே பலிக்காது" என்று நீட்டவும் கூடாது. தொகை பெரிதாக இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம்.

அதேபோல, டில்லியில் வெள்ளைக்காரர்கள் நாகப்பாம்புக்குப் பரிசு அறிவிக்க, மக்கள் பாம்பு வளர்த்தார்கள் என்ற கதை ஊரெல்லாம் சுற்றுகிறது, ஆவண பலம் இல்லாமலே. ஆவணம் உள்ள கதை வியட்நாமின் ஹனோயில் இருக்கிறது. 1902-ல் எலியை ஒழிக்கப் பிரெஞ்சு ஆட்சி எலி வாலுக்குக் காசு கொடுத்தது. கொஞ்ச நாளில் வாலில்லாத எலிகள் சாக்கடையில் திரிந்தன. வாலை மட்டும் வெட்டிக்கொண்டு எலியைக் குட்டி போட விட்டுவிட்டார்கள். உண்மைக் கதையே இவ்வளவு நன்றாக இருக்கும்போது மற்றது எதற்கு?

நம் ஊர்ப் பெருமையைச் சொல்லும்போதும் காரணம் பிசகிவிடும். 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை எப்படி இத்தனை பேருக்கு இலவசமாகப் பார்க்கிறது என்று கேட்டால், "வசதியானவரிடம் வாங்கி இல்லாதவருக்குச் செய்கிறார்கள்" என்பார்கள். அது உண்மைதான், ஆனால் அது மட்டும் போதாது. ஒரு நோயாளிக்கு அறுவை முடியும்போது பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். மருத்துவரின் நேரம் வீணாகாது. எண்ணிக்கை கூடக் கூட ஒருவர் தலைக்கு விழும் செலவு இறங்கும். நூறு டாலர் அளவுக்கு இறக்குமதி செய்த, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை, 1992-ல் தொடங்கிய அரவிந்தின் உற்பத்திப் பிரிவான ஆரோலேப் மதுரையிலேயே செய்து பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தது. நல்ல மனசை மட்டும் சொல்லி முடித்தால், அந்த மனசு போட்ட கணக்கைப் பிள்ளைகள் பார்க்காமலே போவார்கள்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. நெகிழ்ச்சி (விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்பது), வாய்ப்புச் செலவு (ஒன்றைத் தேர்ந்ததால் கைவிட்டுப் போனது) என்பவற்றைக் கதைக்கு முன்னால் எழுதிப்போட்டால் பிள்ளைகள் மனப்பாடத்துக்குப் போய்விடுவார்கள். கடைசியில் எழுதுங்கள், போதும்.

இப்போதெல்லாம் எந்தக் கதையையும் வகுப்புக்குக் கொண்டுபோகும் முன், அந்தத் தொழிலில் இருப்பவரிடம் சொல்லிப் பார்க்கிறேன். அந்தப் பையன் போட்ட 3,000, 2,500 கணக்கை மாட்டுத்தாவணியில் கூடையை இறக்கிவைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "சரித்தேன். ஆனா பத்துக் கிலோ பறிக்க ஆளு விடணும்ல? பறிகூலி போக, வண்டிக்கூலி போக என்னா மிச்சம்னு போடலையே. ஒரு கிலோன்னா நானும் வீட்டுக்காரியும் பறிச்சிருவோம்" என்றார். திரும்பி வந்து கரும்பலகையில் விலை, பூ என்ற இரண்டு பத்திக்குப் பக்கத்தில் கூலி என்று மூன்றாவது பத்தி போட்டேன். அதை நிரப்பச் சொல்லி சாக்பீஸை அந்தப் பையனிடமே கொடுத்தேன்.