ரிம் ஒரு இன்ச் அகலமானால் அந்த இன்ச் எந்தப் பக்கம் போகும்? அலாய் வீல் ஆஃப்செட் கணக்கு

அலாய் வீல் வாங்கப் போனால் முதலில் டிசைனைப் பார்ப்போம், அப்புறம் எத்தனை இன்ச், எத்தனை போல்ட், அதோடு சரி. வீலின் பின்பக்கம் ஈடி 45, ஈடி 38 என்று ஒரு எண் வார்த்திருக்கும், அதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நான் கேட்டேன், ஆனால் அரைகுறையாக. என் காரில் இருந்தது 6ஜே (ரிம் அகலம் 6 இன்ச்) ஈடி 45, வாங்கப் போனது 7ஜே ஈடி 40. "அஞ்சு மில்லிதானே வித்தியாசம், உட்காரும்" என்றார் விற்றவர், நானும் தலையாட்டிவிட்டேன். தனியாக ஓட்டியவரை ஒரு பிரச்சினையும் இல்லை. பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோதுதான் பின்னாலிருந்து கர்ர் என்று சத்தம் வந்தது. இறங்கிப் பார்த்தால் ஃபெண்டரின் (சக்கரத்துக்கு மேலுள்ள பாடித் தகடு) உள்மடிப்பு உரசி, புது டயரின் தோளில் சுற்றிலும் கத்தியால் கீறியது மாதிரி ஒரு கோடு.

அந்த 5 மி.மீ. எப்படி இவ்வளவு பெரிசானது என்று புரிந்துவிட்டால் ஆஃப்செட் புரிந்த மாதிரிதான்.

ரிம்மை அகலவாக்கில் சரிபாதியாக வெட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நடுக்கோட்டுக்கும், வீல் ஹப்பில் (அச்சின் முனையில் வீலை மாட்டும் பகுதி) போய் ஒட்டி உட்காரும் தட்டையான முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். மில்லிமீட்டரில் சொல்வார்கள். ஈடி என்பது ஐன்பிரஸ்டீஃபே என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம். ஹப் முகம் நடுக்கோட்டைவிட வெளியே, அதாவது சாலையில் நிற்பவர் பார்க்கும் பக்கம் தள்ளி இருந்தால் பாசிட்டிவ். நடுவிலேயே இருந்தால் ஜீரோ, உள்ளே தள்ளி இருந்தால் நெகட்டிவ். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் அநேகமாக எல்லாமே பாசிட்டிவ்தான். எண் குறையக் குறைய வீல் வெளியே வரும், கூடக் கூட ஸ்ட்ரட் (சஸ்பென்ஷன் தூண்) பக்கமாக உள்ளே போகும். பலருக்கு இது தலைகீழாகத்தான் மனதில் பதிந்திருக்கிறது, அதனால் ஒரு தாளில் படம் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இப்போது கணக்கு. ரிம் அகலத்தை 25.4-ஆல் பெருக்கி மில்லிமீட்டராக்கி, அதில் பாதி எடுங்கள். அந்தப் பாதியோடு ஈடியைக் கூட்டினால் ஹப்பிலிருந்து உள்பக்கம் எவ்வளவு போகிறது என்று வரும், கழித்தால் வெளிப்பக்கம் எவ்வளவு என்று வரும். 6ஜே ஈடி 45-க்குப் பாதி அகலம் 76.2; உள்ளே 121.2, வெளியே 31.2. 7ஜே ஈடி 40-க்குப் பாதி 88.9, உள்ளே 128.9, வெளியே 48.9. ஆக ரிம் உள்ளே 7.7 மி.மீ. போகிறது, வெளியே 17.7 மி.மீ. வருகிறது! அஞ்சு மில்லி என்று நாங்கள் பேசியது இதைத்தான்.

அதே 7ஜே ரிம் ஈடி 45-ல் கிடைத்திருந்தால் கூடுதல் இன்ச் இரண்டு பக்கமும் சமமாக 12.7, 12.7 என்று பிரிந்திருக்கும். வெளியே துளிகூட நகரக்கூடாது என்றால் ஈடி 58 அளவுக்குத் தேட வேண்டும், அப்போது முழு இன்ச்சும் ஸ்ட்ரட் பக்கம் போய் முட்டும். அதனால் ஈடி 40 நல்லதா 45 நல்லதா என்று கேட்பதில் பொருளே இல்லை, உங்கள் காரில் எந்தப் பக்கம் இடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இந்தக் கணக்கு ரிம்முக்கு. டயர் ரிம்மைவிடப் பிதுங்கி நிற்கும், அதையும் தனியாகப் போட்டுப் பாருங்கள். டயர் அகலம் 185 மி.மீ.யிலிருந்து 205-க்குப் போனால் பக்கத்துக்குச் சுமார் 10 மி.மீ. கூடும், மேலே சொன்ன 5 மி.மீ. ஈடி மாற்றமும் சேர்ந்து டயரின் சுவர் வெளியே 15, உள்ளே 5 நகரும்.

இடத்தை அளக்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். இப்போதிருக்கும் வீல் மாட்டியபடியே, கார் தரையில் நிற்கும்போது டயரின் உள்சுவருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே ஆலன் கீகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பாருங்கள், 8 மி.மீ. நுழைந்து 10 மி.மீ. நுழையவில்லை என்றால் உங்களிடம் இருப்பது அவ்வளவுதான். வெளியே, ஃபெண்டர் விளிம்பிலிருந்து ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டால் டயர் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று தெரிந்துவிடும். முன்பக்கம் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து லைனர் (சக்கரக் குழிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறை), பம்பர் மூலை எல்லாம் பாருங்கள். பின்பக்கத்தை ஆள் ஏற்றிப் பார்க்காமல் முடிவு செய்யவே செய்யாதீர்கள்.

ஈடி எழுதாத பழைய வீல் கையில் வந்தால்? முகத்தைக் கீழே வைத்துக் கவிழ்த்து, பின் விளிம்பின் குறுக்கே நேரான ஒரு பட்டையை வையுங்கள். பட்டையிலிருந்து ஹப் முகம் வரை ஆழத்தை அளந்து, அதிலிருந்து வீலின் மொத்த அகலத்தில் பாதியைக் கழித்தால் ஈடி. மொத்த அகலம் என்பது விளிம்போடு விளிம்பு. 7ஜே என்ற எண் டயர் உட்காரும் இடத்தின் அளவு, விளிம்போடு அளந்தால் கிட்டத்தட்ட 8 இன்ச் வரும், அதனால் 7-ஐப் போட்டுக் கணக்குப் பார்த்தால் தப்பாகிவிடும்.

உள்ளே முட்டினால் ஸ்பேசர் போடலாம் என்பார்கள். 5 மி.மீ. ஸ்பேசர் போட்டால் ஈடி 45 என்பது 40 ஆகிவிடும், அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் நட் பிடிக்கும் மரையும் அந்த 5 மி.மீ. குறைகிறது, நீளமான ஸ்டட் (நட் ஏறும் போல்ட்) போடாமல் அந்த வேலையில் இறங்காதீர்கள்.

அப்புறம், உரசவில்லை என்பதாலேயே சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. வீல் வெளியே போகப் போக, ஸ்டியரிங் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள உறவு மாறுகிறது, பள்ளத்தில் விழும்போது ஸ்டியரிங் கையை வெடுக்கென்று இழுக்கும். பேரிங்குக்கும் சுமை கூடுகிறது. நான் இப்போது கம்பெனி ஈடியிலிருந்து 5 மி.மீ.க்கு மேல் விலகுவதில்லை, அதுவும் ரிம் அகலம் அரை இன்ச்சுக்கு மேல் கூடாமல் இருந்தால்தான்.

பிசிடி (போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), நடு ஓட்டை, நட்டின் இருக்கை கோனா உருண்டையா என்பதெல்லாம் தனியாகச் சரிபார்க்க வேண்டியவை. பிரேக் காலிப்பருக்கு இடம் இருக்குமா என்பதையும் ஈடி சொல்லாது, அது ஸ்போக்கின் வளைவைப் பொறுத்தது. டயர் ஏற்றுவதற்கு முன்னாடியே வெறும் ரிம்மை ஹப்பில் மாட்டி, நட்டைக் கையால் இறுக்கி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். டயர் ஏற்றிய வீலைக் கடையில் திருப்பி வாங்கிக்கொள்வது கஷ்டம்.