பழைய கேம்பர் வேனில் லெஷர் பேட்டரி இணைப்பது எப்படி?

பிரிட்டனில் பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்துக் கேம்பராக மாற்றுபவர்கள் நிறைய உண்டு. அவர்கள் விரும்பி வாங்கும் வண்டிகளில் ஒன்று ஃபோக்ஸ்வேகன் டி4. 1990 முதல் 2003 வரை தயாரானது. இந்த விளக்கம் டி4-ஐ மனதில் வைத்து எழுதியது. வேறு பழைய வேனாக இருந்தாலும் இணைப்பு முறை இதேதான். பேட்டரி வைக்கும் இடமும் கேபிள் போகும் வழியும்தான் மாறும்.

வண்டியோடு வரும் பேட்டரியின் வேலை, சில நொடிகள் பெரிய கரண்ட் கொடுத்து இன்ஜினை உசுப்புவது. அதிலேயே விளக்கு, பம்ப், ஃபிரிட்ஜ் எல்லாம் ஓட்டினால் காலையில் வண்டி கிளம்பாது. திரும்பத் திரும்ப அப்படி வற்றவிட்டால் பேட்டரியே போய்விடும். லெஷர் பேட்டரி நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியின் இனம்: மெதுவாகக் கொடுத்து, மெதுவாக ஏற்றிக்கொண்டு நாள்கணக்கில் ஓடும். அதை வண்டி ஓடும்போது மட்டும், இன்ஜின் சுழற்சியில் கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்நேட்டரோடு சேர்த்துவிட்டு, நின்றதும் பிரித்துவிட வேண்டும். மொத்த வேலையும் இவ்வளவுதான்.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் பணத்தை எல்லாம் பெரிய பேட்டரியில் போட்டுவிட்டு, கேபிளையும் ஃபியூஸையும் மலிவாக வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால் அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். பேட்டரி எப்படியும் சில வருடங்களில் மாறப்போகிறது. கேபிள் வண்டி இருக்கும்வரை இருக்கும், தீப்பிடிப்பதும் அங்கேதான்.

தொடங்கும் முன் ஒரு கேள்வி

உங்கள் வண்டியின் ஆல்டர்நேட்டர் பழைய வகைதானா? டி4-இல் இன்ஜின் ஓடும் வரை 13.8 முதல் 14.4 வோல்ட் வரை சீராகக் கிடைக்கும். யூரோ 6 புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு வந்த புது வண்டிகளில் பெரும்பாலும் ‘ஸ்மார்ட்’ ஆல்டர்நேட்டர் இருக்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்த அது அவ்வப்போது வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும். அந்த வண்டிகளுக்கு இங்கே சொல்லும் முறை ஒத்துவராது. ஆல்டர்நேட்டர் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் லெஷர் பேட்டரிக்குச் சரியான வோல்டேஜ் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் போட வேண்டும். லித்தியம் பேட்டரி வாங்க நினைப்பவர்களுக்கும் அதே பதில். அது கரண்டை அளவில்லாமல் இழுத்துப் பழைய ஆல்டர்நேட்டரைச் சூடாக்கும். போதாததற்கு, சும்மா இருக்கும்போதே அது 13.3 வோல்ட் காட்டும். வண்டி ஓடுகிறது என்று, இரண்டு பேட்டரிகளையும் தானாகச் சேர்த்துப் பிரிக்கும் ரிலே ஏமாந்துவிடும். எனவே இங்கே சாதாரண லெட்-ஆசிட் அல்லது அதன் சீல் வைத்த வகையான ஏஜிஎம் பேட்டரி மட்டும்.

படி 1: எவ்வளவு தேவை?

ஒரு நாள் கணக்கு போட்டுப் பாருங்கள். 10 வாட் எல்இடி விளக்கு நாலு மணி நேரம் எரிந்தால் சுமார் 3.5 ஏஹெச் (ஆம்பியர்-மணி, அதாவது ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கினால் வருவது). இரண்டு போன் சார்ஜ் செய்ய 3 ஏஹெச். தண்ணீர் பம்ப் ஒன்றுக்குக்கூட வராது. டீசல் ஹீட்டர் ஒரு குளிர் இரவுக்கு 10, 12 ஏஹெச் கேட்கும். இதுவரை 20-க்குள் அடங்கிவிட்டது. இதோடு கம்ப்ரெசர் ஃபிரிட்ஜைச் சேர்த்தால் கோடையில் அது ஒன்றே 30 முதல் 40 ஏஹெச் குடித்துவிடும்.

லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் இருந்தால்தான் அது நீடித்து உழைக்கும். அதாவது 100 ஏஹெச் பேட்டரியில் உங்கள் கைக்கு வருவது 50. ஃபிரிட்ஜ் இல்லையென்றால் இரண்டு நாள் நிம்மதியாக ஓடும், இருந்தால் ஒரு நாள். பழைய கேம்பர்களில் கேஸிலும் ஓடும் மூவழி ஃபிரிட்ஜ் இருக்கும். அது 12 வோல்ட்டில் 8 முதல் 10 ஆம்பியர் வரை விடாமல் இழுக்கும். வண்டி ஓடும்போது மட்டும் அதை 12 வோல்ட்டில் வையுங்கள். நிறுத்தியதும் கேஸுக்கு மாற்றிவிடுங்கள்.

படி 2: பொருட்கள்

வோல்டேஜ் சென்சிங் ரிலே ஒன்று, 140 ஆம்பியர் வகை. ஆல்டர்நேட்டர் வேலை செய்யத் தொடங்கி வோல்டேஜ் சுமார் 13.3-ஐத் தொட்டதும் இது இரண்டு பேட்டரிகளையும் சேர்க்கும், 12.8-க்கு இறங்கினால் பிரிக்கும். சாவி ஒயரையோ ஆல்டர்நேட்டர் வேலை செய்யும்போது மட்டும் பிளஸ் வரும் டி-பிளஸ் ஒயரையோ தேடிப் பிடிக்கும் வேலை கிடையாது. டி-பிளஸில் ஓடும் பழைய ரிலே முறையும் நல்லதுதான், ஆனால் முதல்முறை செய்பவருக்கு இதுவே எளிது. சார்ஜை இரண்டு பேட்டரிக்கும் பிரித்துக் கொடுக்கும் டையோடு ஸ்பிளிட்டர் என்று பழைய வண்டிகளில் ஒரு பெட்டி இருக்கக்கூடும். அது சுமார் 0.6 வோல்ட்டைத் தானே விழுங்கிவிடும், கழற்றிவிடுவது மேல்.

அப்புறம் 16 சதுர மி.மீ. வளையும் கேபிள். இந்தத் தடிமன் எதற்கு என்றால், தாமிர ஒயரிலும் கொஞ்சம் வோல்டேஜ் இறங்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து சீட்டுக்கு அடியில் வர நாலு மீட்டர் ஆகிறது, 30 ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 சதுர மி.மீ. ஒயரில் சுமார் 0.35 வோல்ட் காணாமல் போகும், 16-இல் 0.13 மட்டும். 0.35 சின்ன எண்ணாகத் தோன்றும். ஆனால் 14.2-க்கும் 13.8-க்கும் இடையில் சார்ஜ் ஏறும் வேகம் நன்றாகவே குறையும். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இரவு தங்குபவருக்குப் பேட்டரி நிறையவே நிறையாது.

இதோடு 100 ஆம்பியர் மிடி ஃபியூஸ் இரண்டு, அவற்றுக்கான மூடியுள்ள ஹோல்டர்கள், கேபிள் முனையில் மாட்டும் செம்பு லக்குகள், சூடுபட்டால் சுருங்கிப் பிடிக்கும் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் உறை, ஓட்டை விளிம்பு கேபிளை அறுக்காமல் காக்கும் ரப்பர் கிராமட், நெளிவுக் குழாய், எல்லாவற்றையும் ஒரே திருப்பில் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச், ஆறு வழி பிளேடு ஃபியூஸ் பெட்டி. கையில் ஒரு மல்டிமீட்டர் கண்டிப்பாக வேண்டும். லக்குகளை அழுத்த ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியை வாடகைக்கோ கடனாகவோ வாங்குங்கள். சுத்தியலால் தட்டி நசுக்கிய லக் இரண்டே மாதத்தில் தளர்ந்து சூடேறும்.

படி 3: முந்தைய உரிமையாளர் விட்டுச் சென்றதைப் பாருங்கள்

பழைய வண்டி என்றால் உள்ளே ஏற்கெனவே யாரோ கை வைத்திருப்பார்கள். ஒயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப், இன்சுலேஷன் டேப் சுற்றிய முறுக்கு, எங்கும் போய்ச் சேராத சிவப்பு ஒயர் எல்லாம் கிடைக்கும். ஒவ்வொன்றும் எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிந்த பிறகே வெட்டுங்கள்.

நிறத்தை நம்பும்போதும் கவனம். பிரிட்டன் வீடுகளில் இப்போது பழுப்பு ஒயர் என்றால் கரண்ட் வரும் ஒயர். ஃபோக்ஸ்வேகனில் பழுப்புதான் எர்த், அதாவது வண்டியின் பாடியோடு சேரும் மைனஸ். சிவப்பில் எப்போதும் பிளஸ் இருக்கும். வீட்டு ஒயரிங் பழகிய கை இங்கேதான் தடுமாறும்.

படி 4: பேட்டரியை இருத்துவது

டி4-இல் பலரும் டிரைவர் சீட்டுக்கு அடியில் வைக்கிறார்கள். பேட்டரி வாங்கும் முன் உயரத்தை அளந்துகொள்ளுங்கள், டெர்மினலுக்கு மேலே இடைவெளி விட்டு. சீட்டின் இரும்பு பிளஸ்ஸைத் தொட்டால் கதை முடிந்தது. தட்டு, பெல்ட், போல்ட் போட்டு ஆடாமல் இறுக்குங்கள். விழும்படியோ ஷார்ட் ஆகும்படியோ பேட்டரி ஆடினால் வண்டி ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் வருடாந்திர எம்ஓடி சோதனையில் ஃபெயில். நீர் ஊற்றும் வகையானாலும் சீல் வைத்த வகையானாலும் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரலாம். பக்கவாட்டில் உள்ள துளையில் குழாயைச் செருகித் தரை வழியாக வெளியே விட்டுவிடுங்கள். நீங்கள் தூங்கப்போகும் அறைதானே அது.

படி 5: கேபிள்

மோதிரம், வாட்ச் கழற்றுங்கள். இன்ஜின் பேட்டரியின் மைனஸை முதலில் எடுங்கள். பிளஸ்ஸை முதலில் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்டதும் முழு ஷார்ட். மைனஸ் எடுத்துவிட்டால் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. அசல் ரேடியோ இருந்தால் மறுபடி இணைக்கும்போது கோடு கேட்கும். அந்த எண் கையில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

வரிசை இப்படி: இன்ஜின் பேட்டரி பிளஸ், முதல் ஃபியூஸ், ரிலே, நீள கேபிள், இரண்டாவது ஃபியூஸ், லெஷர் பேட்டரி பிளஸ். ரிலேயின் சின்ன கறுப்பு ஒயர் எர்த்துக்கு.

ஃபியூஸ் ஏன் இரண்டு? இந்தக் கேபிளின் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. நடுவில் எங்காவது உறை தேய்ந்து பாடியைத் தொட்டால் இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் பாயும். ஒரு பக்கம் மட்டும் ஃபியூஸ் இருந்தால் மற்ற பேட்டரி அந்தக் கேபிளை எரித்துவிடும். ஒவ்வொரு ஃபியூஸும் அதனதன் பேட்டரிக்கு ஒரு சாணுக்குள் இருக்கட்டும். ஃபியூஸ் காப்பது கேபிளைத்தான், கருவியை அல்ல. 16 சதுர மி.மீ. கேபிள் சுமார் 110 ஆம்பியர் தாங்கும், அதனால்தான் 100. கேபிளைக் குறைத்தால் ஃபியூஸையும் குறைக்க வேண்டும்.

இரும்புச் சுவரைத் தாண்டும் இடத்தில் கிராமட் இல்லாமல் போகக் கூடாது. முழு நீளத்துக்கும் நெளிவுக் குழாய் போட்டு, எக்ஸாஸ்டிலிருந்தும் டீசல் குழாயிலிருந்தும் தள்ளிக் கட்டுங்கள். இப்போதைக்கு இரண்டு ஃபியூஸையும் மாட்ட வேண்டாம்.

படி 6: எர்த்

லெஷர் பேட்டரியின் மைனஸிலிருந்து அதே 16 சதுர மி.மீ. கேபிளைப் பாடிக்குக் கொண்டுபோங்கள். பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு போல்ட் போட்டு, மேலே வாஸ்லின் தடவுங்கள். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடாதீர்கள். அப்படியே, இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையில் ஏற்கெனவே உள்ள எர்த் பட்டையையும் பாருங்கள். இருபது, முப்பது வருட வண்டியில் அது துருவேறித்தான் இருக்கும். சார்ஜ் கரண்ட் அது வழியாகத்தான் திரும்பிப் போகிறது.

படி 7: ஃபியூஸ் பெட்டி

லெஷர் பிளஸ்ஸிலிருந்து 40 ஆம்பியர் ஃபியூஸ், ஐசொலேட்டர், பிறகு 10 சதுர மி.மீ. ஒயரில் ஃபியூஸ் பெட்டி. அங்கிருந்து விளக்குக்கு 1.5 சதுர மி.மீ. ஒயரும் 5 ஆம்பியர் ஃபியூஸும், பம்புக்கும் யுஎஸ்பி சாக்கெட்டுக்கும் 2.5-உம் 10-உம், கம்ப்ரெசர் ஃபிரிட்ஜுக்கு 4-உம் 15-உம். ஃபிரிட்ஜ் ஒயரில் கஞ்சத்தனம் வேண்டாம். வோல்டேஜ் குறைந்தால் அது பேட்டரி வற்றிவிட்டதாக நினைத்து நின்றுவிடும். தங்கும் இடத்தில் வெளியிலிருந்து 230 வோல்ட் எடுக்கும் ஹூக்-அப் இணைப்பு இந்தக் கணக்கில் வராது. அதைத் தகுதியுள்ள எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

படி 8: சோதனை

எல்லா நட்டுகளும் இறுகியதா என்று பார்த்து, மைனஸ்களை இணைத்து, கடைசியாக ஃபியூஸ்களை மாட்டுங்கள். இன்ஜின் ஓடாதபோது இரண்டு பேட்டரியும் 12.4 முதல் 12.7 வோல்ட் வரை காட்டலாம். ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் பேட்டரியில் 14-ஐ ஒட்டி ஏறும், கொஞ்ச நேரத்தில் ரிலே ‘டிக்’ என்னும், லெஷர் பக்கமும் ஏறத் தொடங்கும்.

ஒரு பக்கம் 14.2, மறுபக்கம் 13.4 என்று நின்றால் வழியில் எங்கோ வோல்டேஜ் விழுகிறது. அதைப் பிடிக்க மல்டிமீட்டரின் ஒரு முனையை இன்ஜின் பேட்டரி பிளஸ்ஸிலும் மற்றதை லெஷர் பிளஸ்ஸிலும் வையுங்கள். ஒயர் எட்டாவிட்டால் நீட்டிக்கொள்ளுங்கள். மீட்டர் காட்டுவது பிளஸ் வழியில் மட்டும் இழந்த வோல்ட். அடுத்து மைனஸுக்கு மைனஸ் அதேபோல. எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கத்தில் ஃபியூஸின் இரு முனை, ரிலேயின் இரு ஸ்டட், ஒவ்வொரு லக் என்று துண்டு துண்டாக அளந்துகொண்டே போங்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் குற்றவாளி எர்த்தாகத்தான் இருக்கும். கையால் தொட்டுப் பார்க்கையில் ஒரு லக் மட்டும் சூடாக இருந்தால் அளக்கவே வேண்டாம், அதை வெட்டிவிட்டுப் புதிது போடுங்கள்.

இன்ஜினை நிறுத்திய உடனே ரிலே பிரியாது. இப்போதுதான் சார்ஜ் ஏறிய பேட்டரி 12.8-க்கு இறங்கச் சில நிமிடம் எடுக்கும். விளக்குகளைப் போட்டால் சீக்கிரம் பிரியும். அரை மணி நேரமாகியும் பிரியவில்லை என்றால் மல்டிமீட்டரில் வோல்டேஜைப் பாருங்கள். 12.8-க்குக் கீழே இறங்கியும் பிரியவில்லை என்றால் ரிலேயை மாற்றுங்கள்.

முதல் நீண்ட பயணம் முடிந்ததும் எல்லா நட்டுகளையும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், புது லக்குகள் அதிர்வில் கொஞ்சம் இளகும். தங்கும் இடத்தில் காலையில் எழுந்ததும், ஃபிரிட்ஜ் ஓடாத நேரமாகப் பார்த்து லெஷர் பேட்டரியை அளங்கள். 12.2-க்கு மேல் என்றால் இன்னொரு இரவு தாங்கும். அதற்குக் கீழே என்றால் டீ குடித்துவிட்டு வண்டியை எடுங்கள்.